அறுத்தது தப்பா?

அன்புள்ள டாக்டர் ஐயா,

என் அண்ணன் 36 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். இரண்டு வருடம் ஆகிறது. போலீஸ் வந்து, ஜி.ஹெச்.சில் போஸ்ட்மார்ட்டம் செய்து, துணி சுற்றிக் கொடுத்தார்கள். பேப்பரில் கையெழுத்துப் போட்டது நான்தான். “ஏண்டி அறுக்க விட்டே?” என்று அம்மா இன்றும் கேட்கிறார். ஆளைப் பிடித்திருந்தால் அறுக்காமலே வாங்கியிருக்கலாம் என்கிறார் மாமா. ரிப்போர்ட்டை நாங்கள் வாங்கவே இல்லை. இத்தனை ஸ்கேன் வந்த பிறகும் உடலை அறுக்கத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேசிவிட்டுத் திரும்பியிருந்தேன். “வார்டில் நீங்கள் பார்த்த நோயாளி இறந்த பிறகு, அவர் உடலைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?” என்று கடைசி வருட மாணவர்களைக் கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் உங்கள் கையெழுத்து. அது அனுமதி இல்லை அம்மா. சந்தேகமான சாவில் குடும்பத்தின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதே இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் 194. நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும். இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லுங்கள்.

மாமா சொன்னது தப்பு. அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். உடலை அறுக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் விஷம் வைத்தவனும் கழுத்தை நெரித்தவனும் வேண்டிக்கொள்வார்கள்.

ஸ்கேன் பற்றிக் கேட்டீர்கள். தில்லி எய்ம்ஸில் 2021 முதல் அறுக்காமல் ஸ்கேனில் பார்ப்பதும் நடக்கிறது. எலும்பு முறிவும் துப்பாக்கிக் குண்டும் நன்றாகத் தெரியும். வயிற்றில் என்ன விஷம் என்று படம் சொல்லாது.

எனக்கு 1991 ஞாபகம் வருகிறது. அப்போது நான் ஹவுஸ் சர்ஜன். நடுவயதுக்காரர் ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தார். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பின் அடையாளம் இருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றினோம். விடிவதற்குள் இறந்துவிட்டார். மாரடைப்பு என்று எழுதி மூடியிருக்கலாம். எங்கள் சீஃப் ஒப்பவில்லை. இறந்தவரின் மனைவியிடம் போய், “என்ன ஆச்சுன்னு எங்களுக்கே தெரியலம்மா, பார்க்கட்டுமா?” என்று கேட்டார். அந்த அம்மா சரி என்றார்.

இதயத்தைச் சுற்றியிருந்த பையைக் கத்தரித்ததும் கறுத்த ரத்தக்கட்டி கை நிறைய வந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியை சீஃப் பிளந்து, என் விரலைப் பிடித்து உள்சுவரில் வைத்தார். நகத்தால் கீறின மாதிரி ஒரு கிழிசல். சுவர் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. மாரடைப்பே இல்லை. அந்தக் கிழிசலுக்கு நாங்கள் ஏற்றிய மருந்தைவிட மோசமான மருந்து கிடையாது. அன்றிலிருந்து நெஞ்சுவலி என்று வந்த எவருக்கும் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்க்காமல் நான் அதை ஏற்றியதில்லை. ஒரு கையில் குறைந்து மறு கையில் கூடியிருந்தால் உஷாராகிவிடுவேன். எப்போதும் அப்படி வித்தியாசம் இருக்காதுதான். ஆனால் இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள்.

இந்த வழக்கத்தைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். போலீஸ் கேஸ் என்றால் அறுக்கிறோம். நோயில் இறந்தால் கேட்கக்கூட வாய் வருவதில்லை. முதலாண்டில் ஃபார்மலினில் இறுகிப்போன உடலை அறுத்ததே போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது உடம்பின் அமைப்பைக் காட்டும், நேற்று நாம் செய்த தப்பைக் காட்டாது. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 1960, 1970, 1980 மூன்று ஆண்டுகளிலும் நூறு நூறு பிரேத பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். தெரிந்திருந்தால் ஆயுளை நீட்டியிருக்கக்கூடிய பெரிய நோய், சுமார் 10 சதவீதம் பேரிடம் கண்டுபிடிக்கப்படாமலே போயிருந்தது. இடையில் ஸ்கேன்கள் வந்தும் அந்த எண் குறையவில்லை. 2020-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கொரோனாவில் இறந்த 12 பேரைத் திறந்து பார்த்தார்கள். 7 பேருக்குக் கால் ரத்தக்குழாய்களில் ரத்தக்கட்டி. உயிரோடு இருந்தபோது யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. தன் கணிப்பு சரியா என்று திரும்பிப் பார்க்காத மருத்துவர் அதே தப்பை முப்பது வருடம் செய்வார், அதற்கு அனுபவம் என்றும் பேர் வைப்பார்.

அந்த நெஞ்சுவலிக்காரரின் மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல சீஃப் என்னையும் கூட்டிப்போனார். ஊசி போட்டதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: “ராத்திரி பழைய குழம்பைச் சுட வெச்சு ஊத்தினேன். அதனால இல்லையே?” இல்லை என்றதும்தான் அழ ஆரம்பித்தார்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். அறுத்ததற்காக இரண்டு வருடம் அழுதிருக்கிறீர்கள், அறுத்து என்ன கண்டார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையா? 36 வயதில் தூக்கத்தில் போனவருக்கு இதயத் தசை தடிக்கும் நோய் இருந்திருக்கலாம். அது குடும்பத்தில் இறங்கும். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் உங்களுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை அந்த ஸ்டேஷனுக்குப் போய், போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். உள்ளுறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவையும் கேளுங்கள். வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். புரியாத வரிகளை நான் படித்துச் சொல்கிறேன்.