இரண்டாம் கட்டுக்கு வயர்

கேள்வி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. மகன் வீடு முழுக்க ஒரே வைஃபை கிடைக்க மூன்று பெட்டி மெஷ் வைஃபை மாட்டிவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டான். முற்றத்தைத் தாண்டிய பின்பகுதியான இரண்டாம் கட்டில் உள்ள டிவி, கேமரா ரெக்கார்டர், பிரிண்டருக்கு வயரில்தான் நெட் வேண்டும். முகப்பிலிருந்து இழுக்க வேண்டுமா? - ஒரு வாசகி

பதில்: ஆச்சி, முதலில் இரண்டாம் கட்டில் இருக்கும் மெஷ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் நெட் வயர் செருகும் துளை, அதாவது லேன் போர்ட், ஒன்றிரண்டு இருக்கும். வயரை அதில் செருகினால் போதும். மூன்று கருவிக்கும் இடம் போதாவிட்டால் ஐந்து போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றை, அதாவது ஒரு நெட் வயரைப் பல கருவிக்குப் பிரித்துத் தரும் சிறு பெட்டியை, நடுவில் வையுங்கள். அதற்கு செட்டிங் எதுவும் கிடையாது. கடைக்காரர் இன்னொரு ரவுட்டரை நீட்டினால் வாங்காதீர்கள். அது தனி நெட்வொர்க் போட்டுக்கொண்டு பிரிண்டரை உங்கள் போனிலிருந்து மறைத்துவிடும்.

ஆனாலும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நெட் காற்றில்தான் போகும். நம் வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியாததா! தேவகோட்டையில் எங்கள் வீட்டில் முகப்பில் நெட் வேகம் 90 எம்பிபிஎஸ் வந்தது, முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டினால் 20தான். அப்புறம் முகப்புப் பெட்டியையும் பின்கட்டுப் பெட்டியையும் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளால் இணைத்தேன், பின்கட்டிலும் 90 வந்தது. அந்தக் கேபிள் 100 மீட்டர் நீளம் வரை தாங்கும்.

சுவரைத் துளைக்க மனம் வரவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு அது, பெயர்ந்தால் அந்தப் பளபளப்பு திரும்பாது. தாழ்வாரத்துத் தேக்கு உத்தரத்தின் மேலாகவே, கரண்ட் வயருக்கு ஒரு சாண் தள்ளிக் கேபிளைக் கொண்டுபோனேன். முற்றத்தில் மழை படும் இடத்துக்கு மட்டும் வெளிப்புறக் கேபிள் கேட்டு வாங்குங்கள்.