அரசுத் தளத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் ஜெயிலா?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். ஓர் அரசுத் துறையின் தளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். என் விண்ணப்பம் திறந்த பக்கத்தின் முகவரியில் ஓர் எண் இருந்தது. கடைசி இலக்கத்தை மாற்றிப் பார்த்தேன். வேறொருவருடைய ஆதார் நகல், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் வந்துவிட்டன. இன்னும் சில எண்களைப் போட்டேன், அவையும் திறந்தன. சிலவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். துறைக்கு இரண்டு முறை மெயில் அனுப்பியும் பதில் இல்லை. எக்ஸ் தளத்தில் போட்டால்தான் சரிசெய்வார்கள் என்று தோன்றுகிறது. நண்பர்களோ ஜெயிலுக்குத்தான் போவாய் என்கிறார்கள். தவறைச் சுட்டிக்காட்டினால் தண்டனையா? சன்மானம் கேட்கலாமா?

பதில்: எக்ஸில் போடாதீர்கள். சன்மானமும் கேட்காதீர்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்ப்போம்.

பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லையே, அப்புறம் எப்படிக் குற்றமாகும் என்று நீங்கள் நினைக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு கணினியின் நினைவகத்தோடு தொடர்புகொள்வது, அதற்குக் கட்டளை கொடுப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'அணுகல்'தான். முகவரியில் எண்ணை மாற்றி என்டர் தட்டுவதும் அதற்குள் வந்துவிடும். பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் அணுகினாலோ, தரவை நகல் எடுத்தாலோ பிரிவு 43 பாயும். உங்கள் எண்ணம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இந்தப் பிரிவில் இல்லை. ஆனால் இது சிறைப் பிரிவு அல்ல, நஷ்டஈட்டுப் பிரிவு. இந்த வழக்கை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். பொதுவில் கிடந்த பக்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதாக எப்படிச் சொல்ல முடியும் என்று உங்கள் தரப்பில் நன்றாகவே வாதாடலாம். இருந்தாலும் அது வாதம்தான், உத்தரவாதம் இல்லை.

சிறை வருவது பிரிவு 66-ல். பிரிவு 43-ல் சொன்ன அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்காவது முறைகேடான லாபமோ நஷ்டமோ உண்டாக்க நினைத்தீர்கள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டு மெயில்களும் உங்கள் எண்ணத்துக்கு நேர்ச் சாட்சி. அவற்றைத் தேதி, நேரத்தோடு பத்திரப்படுத்துங்கள். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே நண்பர்கள் பயமுறுத்தும் அளவுக்கு ஜெயில் அருகில் இல்லை. ஆனால் எஃப்.ஐ.ஆர் பதிவானால் உங்கள் லேப்டாப்பும் போனும் தடயவியல் ஆய்வுக்குப் போகும், எளிதில் திரும்பி வராது. வேலை தேடும் வயதில் அதுவே பெரிய தண்டனை.

எண்ணம் நல்லதாக இருந்தும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், வெளிநாட்டு ஆய்வாளர்களான அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகியோருடன் சேர்ந்து நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் எப்படி முறைகேடு செய்ய முடியும் என்று 2010-ல் செய்து காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை போலீஸ் அவரை ஹைதராபாத் வீட்டிலிருந்து அழைத்துப் போனது. ஆய்வு தவறு என்று யாரும் வழக்குப் போடவில்லை. ஆய்வுக்கு வைத்திருந்த இயந்திரம் திருட்டுப் பொருள் என்பதே புகார். அதைத் தந்தவர் யார் என்று சொல்ல அவர் மறுத்துவிட்டார். ஜாமீன் தந்த மாஜிஸ்திரேட், நேர்மையற்ற நோக்கம் எதுவும் தெரியவில்லை என்று கருதினார். ஆனாலும் அதற்குள் அந்த மனிதர் சில நாட்கள் காவலில் இருந்துவிட்டார். 500 ரூபாய்க்கு ஆதார் விவரங்கள் கிடைக்கின்றன என்று 2018 ஜனவரியில் எழுதிய 'தி ட்ரிப்யூன்' நிருபரின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியது.

நல்ல எண்ணம் கைகொடுக்காத இடமும் ஒன்று இருக்கிறது. அது பிரிவு 70. முக்கியமான கணினி அமைப்புகளை 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசு அரசிதழில் அறிவிக்கலாம். அவற்றில் அனுமதியின்றி நுழைந்தாலோ நுழைய முயன்றாலோ 10 ஆண்டு வரை சிறை. நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. ஆதாரின் மையத் தரவகம் 2015-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் தளத்தில் மக்கள் பதிவேற்றிய ஆதார் நகல் வேறு, அந்தத் தரவகம் வேறு. எனவே இது உங்களைத் தொட வாய்ப்புக் குறைவு. ஆனாலும் இன்னோர் அரசுத் தளத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தால் இந்தப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை நியாயமா என்று கேட்டீர்கள். பார்த்தவுடன் நிறுத்திவிட்டு, உரியவரிடம் சொன்னவரைச் சிறையில் போடுவது அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. அவர் வாயை அடைத்துவிட்டால் ஓட்டை அடைபடாது. அடுத்து வருபவர் சொல்லாமல் திருடிக்கொண்டு போவார், ஆதார் நகல் கொடுத்த ஏழை எளியவர்தான் நஷ்டப்படுவார். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே 2016-ல் வெளியாட்களை முறையாக அழைத்துத் தன் தளங்களைச் சோதிக்கச் சொன்னது. செல்லத்தக்க 138 ஓட்டைகள் கிடைத்தன, பரிசும் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆய்வு செய்பவர்கள் மீது ஹேக்கிங் சட்டத்தில் வழக்குத் தொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டு நீதித் துறை 2022-ல் தன் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வெளிப்படையான பாதுகாப்பு இல்லை. பிரிவு 43-லும் 70-லும் ஒரு விதிவிலக்கு சேர்க்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும்.

அதற்காக, உள்ளே போனவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பிரிட்டனின் கேரி மெக்கின்னன் 2001, 2002-ல் அமெரிக்க ராணுவம், நாசா ஆகியவற்றின் 97 கணினிகளுக்குள் புகுந்ததாக அமெரிக்கா குற்றம்சாட்டியது. பல கணினிகளில் பாஸ்வேர்டே இல்லை என்றார் அவர். இருக்கலாம். ஆனால் ஒரு கணினி போதும் அதைச் சொல்ல. அவர் தேடியது பறக்கும் தட்டு ரகசியங்களை. உடல்நிலை கருதி அவரை நாடு கடத்துவதை 2012-ல் பிரிட்டன் தடுத்தது, நானும் அதை வரவேற்கிறேன். ஆனாலும் அவர் செய்ததைச் சுட்டிக்காட்டுதல் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் என் கவலை இங்கேதான். முதல் எண்ணை மாற்றியது தற்செயல் என்று நீதிமன்றம் நம்பும். இரண்டாவது, உறுதிப்படுத்திக்கொள்ள என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள், ஸ்கிரீன்ஷாட்டுக்கு நிச்சயம் கேட்பார்கள். இனி அந்தத் தளத்தை அந்த வழியில் திறக்காதீர்கள். படங்களை வாட்ஸ்அப்பில்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். பயத்தில் அவசரமாக அழிக்கவும் வேண்டாம். வழக்கு வந்தால் சாட்சியத்தை அழித்ததாக அது திரும்பும். சைபர் வழக்குகள் பார்க்கும் ஒரு கிரிமினல் வழக்கறிஞரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை வெளியிட அவருக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. படங்களை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

எக்ஸ் ஏன் வேண்டாம் என்றால், பிறர் அத்துமீறி நுழைய உதவுவதும் பிரிவு 43-க்குள் அடக்கம். தளத்தின் பெயரும் வழியும் வெளியே வந்தால், அன்றே ஆயிரம் பேர் அந்த ஆவணங்களைப் பார்ப்பார்கள். சன்மானம் விஷயமும் இப்படித்தான். பரிசு உண்டு என்று அவர்களே அறிவித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். அறிவிக்காத இடத்தில் "பணம் தாருங்கள், இல்லாவிட்டால் வெளியிடுவேன்" என்ற பொருள் வரும்படி ஒரு வரி எழுதினாலும், அது மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிவிடும். அதற்குப் பிறகு நல்லெண்ணம் என்ற வாதம் எடுபடாது.

சரி, யாரிடம் சொல்வது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 70-பி-யின் கீழ் அமைந்த, கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் (CERT-In) அமைப்பு இதற்காகவே இருக்கிறது. தளத்தின் ஓட்டைகளைத் தெரிவிக்க அவர்கள் தளத்திலேயே வழி இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்த்த பிறகு உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எப்படித் தெரியவந்தது, துறைக்கு எப்போது மெயில் அனுப்பினீர்கள் என்பது மட்டும் போதும். பிறருடைய ஆவணம் எதையும் இணைக்க வேண்டாம். இப்படிப் புகார் செய்வது உங்களுக்கு விலக்கு எதையும் தந்துவிடாது, ஆனால் உங்கள் எண்ணத்துக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அதன் பிறகும் துறை அசையாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். அந்தத் தளத்துக்குக் கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்த தேதி எது, அதை யார் செய்தார்கள், ஓட்டைகள் பற்றி வந்த புகார்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஓட்டையின் தொழில்நுட்ப விவரத்தை மட்டும் அந்த மனுவில் எழுதிவிடாதீர்கள்.