நாற்பது சுட்டிகள், ஒரு மூலம்

அன்புள்ள ஐயா,

நான் இதழியல் முதுகலை முதலாண்டு மாணவி. கைப்பேசியால் இளைஞர்களின் தூக்கம் கெடுவதைப் பற்றி வகுப்புக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். மூன்று வாரம் தேடி நாற்பது சுட்டிகள் சேர்த்திருந்தேன். பேராசிரியர் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "சுட்டிகள் நாற்பது. மூலம் ஒன்றுகூட இல்லை." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விக்கிபீடியா பக்கமே போகாதே என்கிறார்கள். ஆய்விதழ்களுக்குப் போனால் பாதி பணம் கேட்கின்றன, மீதி புரியவில்லை. வகுப்பில் சிலர் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஐயா, நல்ல ஆதாரங்களை எங்கே தேடுவது? கிடைத்ததை நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை இருந்தால் போதும்? என் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பட்டியலில் இருந்த நாற்பதையும் திறந்து பார்த்தேன். 31 செய்தித் தளங்களிலிருந்து வந்தவை. அவற்றில் 23 ஒரே ஆய்வைப் பற்றியவை. அந்த 23-இலும் ஆய்வாளர் சொன்னதாக வரும் இரண்டு வாக்கியங்கள் சொல் பிசகாமல் ஒன்றுபோல இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று தேடினேன். பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு பக்கச் செய்திக்குறிப்பிலிருந்து. அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் ஆய்வுக்கட்டுரையைத் திறந்ததாகவே தெரியவில்லை. உங்கள் பேராசிரியர் பார்த்தது இதைத்தான். அந்த ஒரு வரிக்காக நீங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூலம் என்று நாம் சொல்வது, ஒரு தகவல் முதன்முதலில் பதிவான இடத்தை. தூக்க நேரம் குறைந்தது என்றால், அதை அளந்தவர் எழுதிய கட்டுரைதான் மூலம். அதைப் பற்றிய செய்தி, செய்தியைப் பற்றிய பதிவு, பதிவைப் பற்றிய காணொளி எல்லாம் அதன் எதிரொலிகள். எதிரொலி எத்தனை முறை கேட்டாலும் கூப்பிட்டவர் ஒருவர்தானே. சுட்டிகள் கூடக்கூடச் சான்று வலுவாகிறது என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புள்ளிவிவரத்தை மூன்று இதழ்களில் பார்த்துவிட்டு நம்பி எழுதினேன். ஒரு வாசகர், இது எந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது என்று கேட்டு எழுதினார். மூன்று நாள் தேடினேன். அந்த மூன்று இதழ்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதியிருந்தன. அவருக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015-இல் ஒருவர் வேண்டுமென்றே செய்து காட்டினார். ஜான் போஹானன் ஒரு அறிவியல் இதழாளர், முனைவர் பட்டமும் பெற்றவர். ஜெர்மன் ஆவணப்படக் குழு ஒன்றோடு சேர்ந்து, சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறைகிறது என்று ஓர் ஆய்வை நடத்தினார். ஆய்வு உண்மையாகவே நடந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் வெறும் 15 பேர். அவர்களிடம் 18 விதமான அளவுகள் எடுத்தார்கள். இவ்வளவு குறைந்த ஆட்களிடம் அத்தனை விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே ஒரு வேறுபாடு தென்பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதி, காசு கொடுத்தால் வெளியிடும் ஓர் ஆய்விதழில் போட்டார். தான் வேலை செய்வதாகச் சொன்ன நிறுவனத்துக்கு ஒரு வலைத்தளம் மட்டுமே இருந்தது. கூடவே நிருபர்களுக்கு வசதியாக ஒரு செய்திக்குறிப்பும் தயாரித்தார். பல நாடுகளின் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைச் செய்தியாக்கின. ஆய்வில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தன்னிடம் அநேகமாக எவரும் கேட்கவில்லை என்று அவரே பின்னால் எழுதினார்.

அந்தக் கேள்வியிலிருந்து நீங்கள் தொடங்கலாம். ஆய்வுக்கட்டுரை புரியவில்லை என்கிறீர்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாகப் படிக்கப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் படித்தால் எனக்கும் புரியாது. முதலில் சுருக்கம், அப்புறம் நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். எத்தனை பேர், அவர்கள் யார், எவ்வளவு காலம், எதைக் கொண்டு அளந்தார்கள்? பிறகு கடைசிப் பக்கங்களுக்கு வாருங்கள். ஆய்வின் குறைகளை ஆய்வாளர்களே அங்கே ஒப்புக்கொள்வார்கள். பணம் யார் கொடுத்தது, யாருக்கு என்ன ஆதாயம் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடுவில் உள்ள சமன்பாடுகளை விட்டுவிட்டாலும் இந்த நான்கு பக்கங்கள் உங்களை எந்தச் செய்திக்குறிப்பை விடவும் முன்னே கொண்டுபோகும்.

உங்கள் பட்டியலில் உள்ள அந்த ஆய்வையே இப்படிப் படித்தேன். தூக்க நேரத்தை அவர்கள் கருவி வைத்து அளக்கவில்லை. பங்கேற்றவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கைப்பேசியால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லாது என்று கடைசிப் பகுதியில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 23 செய்திகளில் ஒன்றில்கூட இந்த வரி இல்லை. உங்கள் கட்டுரையின் தலைப்பே 'கைப்பேசி திருடும் தூக்கம்'. அந்த வரியை நீங்கள் படித்திருந்தால் வேறு தலைப்பு வைத்திருப்பீர்கள்.

பணம் கேட்கும் கட்டுரைகளுக்கு வழி இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் தலைப்பைப் போட்டால் அதன் மற்ற பதிப்புகளையும் காட்டும். ஆய்வாளர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கும் பிரதி பல நேரம் அங்கே அகப்படும். இல்லாவிட்டால் கட்டுரையிலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். ஒரு பிரதி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் கூகுள் ஸ்காலரில் பார்க்கலாம். அதை எதிர்த்து எழுதியவர்களும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள். மாணவர்கள் இந்த வசதியை ஏனோ தொடுவதே இல்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துச் சந்தேகம் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து 1998-இல் லான்செட் இதழில் வந்தது. அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல். பிரையன் டீர் என்ற இதழாளர் ஆவணங்களை வருடக்கணக்காகத் தோண்டியதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தக் கட்டுரை கிளப்பிய பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, விக்கிபீடியா. போகாதே என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. போங்கள், ஆனால் கீழே இறங்கி அடிக்குறிப்புகளுக்குப் போங்கள். 2009-இல் இசையமைப்பாளர் மோரிஸ் ழார் இறந்தபோது அயர்லாந்து மாணவர் ஒருவர், ழார் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தானே இட்டுக்கட்டி விக்கிபீடியாவில் சேர்த்தார். ஆதாரம் இல்லை என்று அங்குள்ள தன்னார்வலர்கள் அதை நீக்கினார்கள். ஆனால் அதற்குள் பெரிய நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கல் செய்தியில் அச்சிட்டுவிட்டன. அந்த மாணவரே எழுதிச் சொன்ன பிறகுதான் திருத்தின. ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் விக்கிபீடியாக்காரர்கள், கேட்காமல் விட்டது பத்திரிகைகள். நாம் வேலை செய்யப்போகும் இடம் இது என்பதால் இந்தச் சம்பவம் என்னை இன்றும் உறுத்துகிறது.

நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோரையும் சில வலைத்தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களும் வரலாற்றாசிரியர்களில் பலரும் தளத்துக்குள்ளேயே இருந்து வடிவமைப்பையும் முத்திரையையும் 'எங்களைப் பற்றி' பக்கத்தையும் உன்னிப்பாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தத் தளத்தில் நிற்கவே இல்லை. உடனே பக்கத்தில் புதிய டேப்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ஒருவரைப் பற்றி அவரிடமே விசாரிக்கக் கூடாது என்பது கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம். திரைக்கு முன் உட்கார்ந்ததும் நமக்கு மறந்துவிடுகிறது.

சாட்ஜிபிடி பற்றி ஒன்று மட்டும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் அது கொடுத்த முன்தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5000 டாலர் அபராதம் விதித்தார். எந்தத் துறையில் தேடலாம், ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அதனிடம் கேளுங்கள், தப்பில்லை. அது தரும் எந்த மேற்கோளையும் மூலத்தில் உங்கள் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். உங்கள் மனம் ஒப்பவில்லை என்றீர்களே, அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் எனக்குப் பெரிய குறையாகப்பட்டது வேறொன்று. அதில் ஆவணம் என்று ஒன்றுகூட இல்லை. சட்டமன்ற விவாதங்கள், தணிக்கை அறிக்கைகள், நீதிமன்றப் பதிவுகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எல்லாம் எவரும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கின்றன. படிக்கத்தான் ஆள் இல்லை. அமெரிக்க இதழாளர் ஐ. எஃப். ஸ்டோனுக்குக் காது சரியாகக் கேட்காது. செய்தியாளர் கூட்டங்களுக்குப் போவதை விட அரசு ஆவணங்களைப் படிப்பதே அவர் வழி. 1953 முதல் தன் சொந்த வார இதழை இப்படித்தான் நடத்தினார். 1957-இல் நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. தொலைவில் உள்ள நாடுகளின் நிலநடுக்கக் கருவிகளும் அதைப் பதிவு செய்ததாக நாளிதழில் வந்த சின்னத் துணுக்குகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அணுசக்தி ஆணையம், அந்த அதிர்வு 200 மைலுக்கு அப்பால் தெரியவில்லை என்று அறிவித்தது. ஸ்டோன் துணுக்குகளை எடுத்தார். நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் அரசுத் துறையைத் தேடிப் போய்க் கேட்டார். 2000 மைலுக்கும் அப்பால் அலாஸ்காவில் பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்தியது. ரகசியத் தொடர்பு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கத்தரித்து வைத்த துணுக்கும், எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு இருக்கும் என்ற யோசனையும் போதுமாயிருந்தன.

அந்த யோசனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தை யார், எந்தக் கட்டாயத்தால் எழுதி வைத்திருப்பார்கள்? உங்கள் கட்டுரையில் கைப்பேசி நிறுவனங்களே வருகின்றன. பயனர்கள் திரையில் செலவிடும் நேரம் தங்கள் வருமானத்தோடு எப்படித் தொடர்புடையது என்று முதலீட்டாளர்களுக்கான அறிக்கைகளில் என்ன எழுதுகிறார்கள்? தேடிப் பாருங்கள். நூலகரிடமும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து அவரைப் போல உதவக் காத்திருக்கும் ஆள் வேறெங்கும் இல்லை. பார்த்த பக்கங்களை அன்றே, வலைப்பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். நாளை அவை காணாமல் போகலாம்.

எத்தனை போதும் என்று எண்ணிக்கையில் சொல்ல முடியாது. தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று எழுத அந்தத் தீர்ப்பு ஒன்று போதும். ஒருவர் மறுக்கக்கூடிய விஷயம் என்றால், ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டாவது வேண்டும்.

2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காகப் புகழ்பெற்ற இரு பொருளாதார அறிஞர்களின் கட்டுரையைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்கே எழுதி எக்செல் கோப்பைக் கேட்டார், அனுப்பினார்கள். சூத்திரத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன. நாடுகளின் கடன் கொள்கை பற்றிய விவாதமே அதனால் கலங்கியது. அவர் செய்ததைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். அந்தத் தூக்க ஆய்வின் ஆசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும். தூக்க நேரத்தைக் கருவியால் அளக்காதது ஏன்? உங்கள் முடிவைச் செய்திகள் எங்கே தவறாக எழுதின? இந்த விஷயத்தில் உங்களோடு உடன்படாத ஆய்வாளர் யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் வந்தால் அவரையும் அழைத்துப் பேசிவிட்டு, பிறகு கட்டுரையைத் திருத்த உட்காருங்கள். அந்தப் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.