நோயே வராத உறவினர்களின் ரத்தம் ஆய்வுக்கு எதற்கு?

கேள்வி கேட்டவர், தம் அப்பாவுக்கு 42 வயதில் தொடையிலும், அத்தைக்குப் பிரசவம் முடிந்த சில நாள்களில் கெண்டைக்காலிலும் ரத்தம் கட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். இப்போது ஓர் ஆய்வுக் குழுவினர் நல்ல உடல்நிலையில் உள்ள சித்தப்பா, தம்பி, தங்கை ஆகியோரிடமும் ரத்தம் கேட்பதாகவும், எவருக்கும் அதன் காரணம் விளங்கவில்லை என்றும் சொல்கிறார். நான் மருத்துவர் அல்லேன். ரத்த உறைவுப் பரிசோதனைகள் செய்யும் ஒரு கூடத்தில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: அத்தகைய ஆய்வில் நோய் வந்தவரைக் காட்டிலும் வராதவரின் ரத்தமே பல வேளைகளில் அதிகம் பேசும்.

1965-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஓலாவ் எகெபெர்க், சிரைகளில் அடிக்கடி ரத்தம் கட்டும் ஒரு குடும்பத்தினரைப் பரிசோதித்தார். உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம், பாதிக்கப்பட்டவர்களிடம் வழக்கமான அளவில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. இந்த நோய் பரம்பரையாகவும் வரலாம் என்பதற்குக் கிடைத்த முதல் திடமான சான்று அது. அடுத்து 1981-இல் அமெரிக்காவில், உறைதலைத் தடுக்கும் மற்றொரு புரதமான புரோட்டீன் சி-யின் குறைபாடும், 1984-இல் அதற்குத் துணைநிற்கும் புரோட்டீன் எஸ் என்ற புரதத்தின் குறைபாடும் இவ்வாறே குடும்பங்களின் வழியாகத் தெரியவந்தன. ஆனால் இம்மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும், ரத்தம் கட்டி வரும் நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டுமே காரணம் சொல்ல முடிந்தது.

முடிச்சு அவிழ்ந்தது சுவீடனின் மால்மோ நகரில். பியோர்ன் டால்பேக் என்பவர் ஒரு நோயாளியின் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்களை நீக்கிய பின் மிஞ்சும் திரவத்தில்), செயலூட்டப்பட்ட புரோட்டீன் சி-யைச் சேர்த்து, அது உறைய எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று கணக்கிட்டார். அந்தப் புரதம் உறைதலுக்குக் கடிவாளம் போடுவது; ஆகவே அதைச் சேர்த்தால் உறையும் நேரம் நீள வேண்டும். அந்த மனிதரின் பிளாஸ்மாவிலோ அது எதிர்பார்த்த அளவுக்கு நீளவில்லை. ஒருவரிடம் மட்டும் காணப்பட்டிருந்தால் பரிசோதனைப் பிழை என்றே ஒதுக்கியிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பேன். ஆனால் அவருடைய உறவினர் பலரிடமும் அதே குறை தென்பட்டதால், 1993-இல் அது பரம்பரைக் குறை என்று அறிவிக்க முடிந்தது. மறு ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரில் ரோஜியர் பெர்டினாவின் குழுவினர் அதன் வேரைக் கண்டனர். ரத்தம் உறைய உதவும் ஐந்தாம் உறைவுக் காரணி (ஃபேக்டர் 5) என்ற புரதத்தில், புரோட்டீன் சி வெட்ட வேண்டிய 506-ஆவது இடத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளுட்டமின் என்ற வேறொன்று இருந்தது. வெட்டு எளிதில் விழாததால், அடங்க வேண்டிய காரணி அடங்காமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஃபேக்டர் 5 லைடன் என்று இன்று பரிசோதனை அறிக்கைகளில் அச்சாகும் பெயர் அந்த நகரத்தால் வந்ததுதான். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரிடம் இது உண்டு. இந்தியாவில் அதைவிடக் குறைவு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்தகைய மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எனவே ஒரே வீட்டில், ஒரே உணவுப் பழக்கத்தில் வளர்ந்த உடன்பிறப்புகளில் சிலரிடம் மாற்றம் இருக்கும், சிலரிடம் இருக்காது. இவ்விரு சாராரில் யாருக்கு எத்தனை முறை ரத்தம் கட்டியது என்று ஒப்பிட்டால்தான், அந்த மாற்றம் உண்மையில் எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியும். இந்தக் கணக்கில் உங்கள் அப்பாவைச் சேர்க்க மாட்டார்கள். நோய் வந்ததால்தான் அவர் வழியாக உங்கள் குடும்பம் ஆய்வுக்குள் வந்தது; அவரையும் சேர்த்தால் ஆபத்து இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இந்த மிகைத்தோற்றம் ஆய்வாளர்களையே ஒருமுறை குழப்பியது. நோய் மலிந்த குடும்பங்களில் புரோட்டீன் சி குறைபாடு மிகக் கொடியதாகத் தெரிந்தது. 1987-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 5,000-க்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 200 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் அதே குறைபாடு இருந்தது. ஆனால் அவர்களுக்கு ரத்தம் கட்டிய வரலாறே இல்லை. ஒரே குறைபாடு ஓரிடத்தில் எமனாகவும் மற்றோரிடத்தில் சாதுவாகவும் இருப்பது எப்படி? லைடன் குழுவினர் 1994-இல் இதற்கு விடையின் ஒரு பகுதியைத் தந்தனர். நோய் மலிந்த குடும்பங்கள் சிலவற்றில் ஃபேக்டர் 5 மாற்றமும் கூடவே ஒளிந்திருந்தது. அக்குடும்பங்களில் இரண்டு குறைகளும் உடையவர்களில் 73 விழுக்காட்டினருக்கு ரத்தம் கட்டியிருந்தது. புரோட்டீன் சி குறைபாடு மட்டும் உடையவர்களில் 31 விழுக்காடு, ஃபேக்டர் 5 மாற்றம் மட்டும் உடையவர்களில் 13 விழுக்காடு. நோயற்ற சித்தப்பாவும் தம்பியும் ரத்தம் கொடுத்திராவிட்டால் இந்தப் பிரிவினையைச் செய்திருக்க வழியில்லை.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் என்பதால் மற்றொன்றும் சொல்ல வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்பவரிடம் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைந்தே காணும். அதே நோக்கத்துக்கான ஹெப்பாரின் என்ற ஊசி மருந்து ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். கர்ப்பகாலத்தில் புரோட்டீன் எஸ் தானாகவே தாழும். மருந்து விவரம் எழுதாமல் வந்த ஒரு மாதிரியை வைத்து, முப்பது வயதுக்காரர் ஒருவருக்குப் பரம்பரைக் குறைபாடு என்று நானே அறிக்கை தயாரித்து, மேலதிகாரி கேள்வி கேட்ட பிறகு திருத்திக்கொண்டதுண்டு. மரபணுப் பரிசோதனையில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற சோதனைகளுக்கு, எந்த மருந்தும் உட்கொள்ளாத உறவினரின் ரத்தம் நம்பகமான அளவுகோலாகிறது. ஆகவே உங்கள் வீட்டார் ரத்தம் கொடுக்கும்போது சாப்பிடும் மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்லட்டும்.

தங்கையைப் பற்றிக் கவலையோடு கேட்டிருந்தீர்கள். லைடன் குழுவினர் 1994-இல் வெளியிட்ட கணக்கில், கருத்தடை மாத்திரையும் உட்கொள்ளாமல் ஃபேக்டர் 5 மாற்றமும் இல்லாத பெண்கள் 10,000 பேரில் ஆண்டுக்கு 0.8 பேருக்கு ரத்தம் கட்டியது. மாத்திரை மட்டும் என்றால் 3.0, மாற்றம் மட்டும் என்றால் 5.7, இரண்டும் சேர்ந்தால் 28.5. பெருக்கம் பெரியதுதான், ஆயினும் இரண்டும் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த ஆண்டில் ஒன்றும் நேர்வதில்லை. பரிசோதனை முடிவு எதுவாக வந்தாலும், கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்னும், கர்ப்பம் உறுதியான உடனும், அறுவை சிகிச்சைக்குப் படுக்கும் முன்னும், அப்பாவுக்கும் அத்தைக்கும் நேர்ந்ததை உங்கள் தங்கை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும்; அவசரத்தில் பல மருத்துவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுவார்கள்.