40,000 டாக்கிங் கணக்குகளுக்குத் தனித்தனியாக எஸ்பேட்ச் போடலாமா?

போடாதீர்கள். எஸ்பேட்ச் என்பது பலர் பகிரும் கணினித் தொகுதியின் வரிசையில் ஒரு வேலையைச் சேர்க்கும் கட்டளை. நான் போட்டுப் பட்டிருக்கிறேன்.

ஒரு புரதத்தோடு 40,000 மூலக்கூறுகளை ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் நிரலில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் ஆய்வு மாணவராக இருப்பீர்கள். நெறியாளர் அடுத்த வாரமே முடிவு கேட்டிருப்பார். உங்கள் கையில் இருக்கும் வழிகாட்டியில் எம்பிஐ (ஒரே கணக்கைப் பல செயலிகள் பேசிக்கொண்டு செய்யும் முறை) பற்றி மட்டும்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னுடையவை 22,000 சேர்மங்கள். ஓர் இரவு, வரிசையாக அத்தனையையும் தனித்தனி எஸ்பேட்சாக, தொகுதியில் வேலைகளுக்கு இடம் ஒதுக்கும் ஸ்லர்மில் தள்ளிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் என் பயனர் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. நிர்வாகி மீது தவறில்லை. மூன்று நிமிட வேலை ஒவ்வொன்றுக்கும் ஸ்லர்ம் முன்னுரிமை பார்த்து, இடம் ஒதுக்கி, பதிவும் எழுத வேண்டும். என்னால் மற்றவர்களின் வேலையும் நின்றுபோயிருந்தது.

அடுத்து, எண்ணிட்ட பல வேலைகளை ஒரே எஸ்பேட்சில் தரும் ஜாப் அரேயை முயன்றேன். ஸ்லர்மின் இயல்பான வரம்பில் எண் 1000ஐத் தாண்டாது. 22 துண்டுகளாக வெட்டினேன். சுழலும் பிணைப்புகள் மிகுந்த மூலக்கூறுகளுக்கு நேரம் பல மடங்கு ஆகும் என்பதால் சில துண்டுகள் சீக்கிரம் முடிந்தன, சில இழுத்துக்கொண்டே போயின.

கடைசியில் கைகொடுத்தது, பல கட்டளைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் குனு பேரலல் என்ற கருவி. 48 கோர் (செயலிக் கரு) உள்ள ஒரு நோடை (தொகுதியின் ஒரு கணினியை) மொத்தமாகக் கேட்டு வாங்கி, உள்ளே அதை ஓட்டினேன். ஒரு கோர் ஒழிந்தவுடன் அடுத்த மூலக்கூறை அதுவே எடுத்துக் கொடுக்கும். ஒன்று கவனியுங்கள்: வினா நிரல், தன் கண்ணில் படும் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். சிபியு எண்ணிக்கை 1 என்று சொல்லாததால் ஒரே நேரத்தில் ஓடிய 48 வினா நிரல்கள் தலா 48 இழைகளை (இணையாக ஓடும் பணிகளை) எழுப்பின. இரண்டு நாள் வீண்.

குனு பேரலல் எழுதும் பதிவுக் கோப்பான ஜாப்லாக்கைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிய நேரம் தீர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தொடரச் சொல்லும்போது வெறும் ரெஸ்யூம் என்ற விருப்பத்தைப் போட்டால், தோற்றுப்போன கணக்குகளையும் முடிந்தவையாக எண்ணித் தாண்டிவிடும். ரெஸ்யூம் ஃபெயில்ட் போட வேண்டும். இது தெரியாமல் இறுதி அட்டவணையில் 311 சேர்மங்கள் இல்லாமல் நின்றேன். வெளியீட்டுக் கோப்புகளையும் ஒரே அடைவில் கொட்டாதீர்கள், தொகுதியின் பகிர்ந்த கோப்பு அமைப்பான லஸ்டர் திணறும்.

பார்சல், நெக்ஸ்ட்ஃப்ளோ, ஹைப்பர்கியூ போன்ற பணி நிர்வாகக் கருவிகள் எல்லாம் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஒன்றின் விடை இன்னொன்றுக்கு உள்ளீடாகப் போனால் பார்சலோ நெக்ஸ்ட்ஃப்ளோவோதான் சரி. பல நோடுகளில் பரப்ப வேண்டுமென்றால் ஹைப்பர்கியூவைப் பாருங்கள். உங்கள் கேள்வியில் இருப்பவை ஒன்றையொன்று சாராத கணக்குகள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த 22,000 கணக்குகளை வைத்து வந்த கட்டுரையில் என் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக இருந்தது. அதிலிருந்து தேறிய சில சேர்மங்களைச் சோதனைக்கூடத்தில் சோதித்தவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் உழைப்பை நான் மறுக்கவில்லை. நான்கு மாதம் நான் செய்தது உழைப்பில்லையா? ஜாப்லாக் கோப்பை அழிக்காதீர்கள். எந்தக் கணக்கு எப்போது தொடங்கியது, எத்தனை விநாடி ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் பட்டியல் பேச்சு வரும் நாளில் அதை மேசைமீது வையுங்கள்.