சொன்னபடி கேளாத கம்பி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறு ஆண்டுகள் உலோகவியல் ஆய்வில் இருந்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, பிறர் கழித்துப்போட்ட பொருட்களிலிருந்து சிற்பங்கள் செய்யத் தொடங்கினேன். வார இறுதிகளில் குழந்தைகளுக்கும் அதையே கற்பிக்கிறேன். கற்ற கல்வியை வீணடித்துவிட்டதாகப் பழைய சகாக்கள் சொல்கிறார்கள்; குழந்தைகளோடு செய்வது கலையல்ல, கைவேலைதான் என்று ஓவிய நண்பர்கள் சொல்கிறார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பழைய மின்வடத்திலிருந்து உரித்த செம்புக்கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தவள், "முதலில் சொன்னபடி கேட்டது, இப்போது ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?" என்றாள். எனக்கு உற்சாகம் தாளவில்லை. உலோகத்துக்குள் அணுக்கள் ஒழுங்காக அமைந்திருக்கும் படிக அடுக்குகளைப் பலகையில் வரைந்து இருபது நிமிடம் விளக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். அதன்பின் அதைத் தொடவே இல்லை. நான் எங்கே தவறினேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் சகாக்களுக்கும் நண்பர்களுக்குமான பதில் அந்தச் சிறுமியின் கேள்வியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கடையில் வாங்கும் வண்ணமும் களிமண்ணும் கைக்கு இணங்குவதற்கென்றே பக்குவப்படுத்தப்பட்டவை. கழித்துப்போட்ட பொருளோ வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டு, அந்த வேலையின் குணத்தை இன்னும் தன்னிடம் வைத்திருப்பது. அட்டைப்பெட்டியின் அட்டை உள்நெளிவுகளின் போக்கில் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணலாகும். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும் மறுதிசையில் தாறுமாறாகவும் கிழிவது, அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால். இவற்றோடு வேலை செய்யும் குழந்தை பொருளிடம் கேட்டுக் கேட்டுத்தான் முன்னேற முடியும். அப்படிக் கேட்கும் இடத்தில் கலையையும் அறிவியலையும் பிரித்துவைக்க என்னால் முடியவில்லை.

கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளரான அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் பணியாற்றியபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபின் துண்டுகளால் இணைக்கும் முறையைக் கண்டடைந்தார். மூன்று குச்சிகளைச் சேர்த்தால் அழுத்தினாலும் அசையாத முக்கோணம் கிடைக்கும். நான்கைச் சேர்த்தால் சதுரம் விரல்பட்டதும் சாய்ந்துவிடும். முக்கோணம் உறுதியானது என்று அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏனென்றால் குழந்தையின் விரல்கள் அதை ஏற்கெனவே அறிந்துவிடுகின்றன.

உங்கள் தவறு இங்கேதான் நேர்ந்தது. நீங்கள் சொன்ன விளக்கம் சரியானது. நீங்கள் நன்கறிந்த அதை மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். கம்பியை வளைக்குந்தோறும் அதன் படிகங்களுக்குள் அடுக்குக் குறைகள் பெருகி, ஒன்றின் நகர்வை மற்றொன்று தடுப்பதால், கம்பி இறுகுகிறது. சிவக்கக் காய்ச்சினால் படிகங்கள் புதிதாக உருவாகி, மென்மை திரும்புகிறது. செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்தவர்கள், படிகம் என்ற சொல்லையே கேளாமல், அடிப்பதும் காய்ச்சுவதுமாக இதைப் பல்லாயிரம் ஆண்டுகள் செய்துவந்திருக்கிறார்கள். அந்தச் சிறுமி அவர்கள் நின்ற இடத்துக்குத் தன் கையாலேயே வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த அடியையும் அவள் கைதான் வைத்திருக்கவேண்டும். அதை நீங்கள் பலகையில் வைத்துவிட்டீர்கள். அறிந்தவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் உங்கள் பதினாறு ஆண்டுப் படிப்பு அந்த அறையில் இருக்கவேண்டிய இடம், எந்தப் பொருளை எந்த நேரத்தில் அவள் முன் வைப்பது என்ற தேர்வில்.

ஃபிராங்க் ஓப்பன்ஹைமரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். அத்திட்டத்தின் ஆய்வகத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. 1949இல் அரசியல் காரணங்களால் மினசோட்டா பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து வாழ்ந்தவர், 1957இல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், அங்கே கிடந்த இயந்திர உதிரிகளைக் கொண்டே வெப்பத்தையும் மின்சாரத்தையும் இயக்கத்தையும் கற்பித்தார். 1969இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் என்ற அருங்காட்சியகம், தொட்டும் இயக்கியும் பார்ப்பதற்கான இடம். அங்கே அவர் கலைஞர்களையும் வரவழைத்து, அறிவியலுக்கு அலங்காரம் செய்பவர்களாக அல்லாமல், உலகைக் கவனிப்பதில் விஞ்ஞானிக்கு நிகரானவர்களாகவே நடத்தினார். இழந்த பதவி அவருடைய கல்வியை வீணாக்கிவிடவில்லை.

கைவேலை என்ற குற்றச்சாட்டில் ஓர் உண்மை இருப்பதையும் சொல்லவேண்டும். புட்டிக்கு வண்ணம் பூசிக் கண்ணும் மூக்கும் ஒட்டி, அது புட்டி என்பதையே மறைத்துவிடும் வேலைகளை நான் விரும்புவதில்லை. எல்லோரும் ஒரே மாதிரியைப் பார்த்துச் செய்துமுடிக்கும் அவற்றில் பொருளுக்குப் பேச இடமே இல்லை. 1942இல் பிகாசோ ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளையின் தலையாக்கினார். பார்க்கும்போது காளை தெரிகிறது, சைக்கிளும் மறையாமல் நிற்கிறது, கண் இரண்டுக்கும் இடையே போய் வருகிறது. உங்கள் மாணவர்களின் வேலைகளில் அந்தப் போக்குவரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் நண்பர்களுக்குப் பதில் எழுதவேண்டியதில்லை.

அந்தக் கம்பியை வைத்திருக்கிறீர்களா? அடுத்த வகுப்புக்கு முன், பிளாஸ்டிக் உறை துளியும் ஒட்டியிராத ஒரு துண்டை எடுத்து, அதை அவள் கையில் இறுகிய அளவுக்கு வளைத்து இறுக்குங்கள். பின் நீங்களே தீயில் சிவக்கக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். காய்ச்சாத, இறுகிய துண்டொன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் எதுவும் சொல்லாமல் அவளிடம் கொடுங்கள். அவள் என்ன செய்தாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.