பென் டிரைவ் போட்டும் பூட் ஆகவில்லையா? மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ் போட உட்கார்ந்தவர்கள் பூட் மெனுவில் (லேப்டாப் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திரை) மாட்டிக்கொண்டு அனுப்பிய கேள்விகள் இவை.

அண்ணே, தாராவியிலிருந்து எழுதுகிறேன். ஹெச்பி லேப்டாப். எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தாலும் பழைய விண்டோஸ்தான் வருகிறது.

ஹெச்பியில் எஃப்12 பலிக்காது தம்பி. எஸ்கேப்பைத் தட்டுங்கள், வரும் மெனுவில் எஃப்9. டெல், லெனோவோவில்தான் எஃப்12. ஏசரிலும் அதேதான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டும்.

சரியான கீயை அழுத்தியும் வரவில்லையா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக இருக்கலாம். அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று வரும், அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். கீயோடு மல்லுக்கட்டவே வேண்டாம்.

சார், பூட் மெனு வருகிறது. ஆனால் அதில் என் பென் டிரைவ் பெயரே இல்லை. விண்டோஸின் ஐஎஸ்ஓ ஃபைலை (மொத்த இன்ஸ்டாலரும் அடங்கிய ஒரே ஃபைல்) அதில் காப்பி செய்துதான் வைத்திருக்கிறேன். (சயான்)

அங்கேதான் சிக்கல். பென் டிரைவைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஜிபியில் ஒரே ஒரு ஃபைல் கிடந்தால் அதிலிருந்து பூட் ஆகாது. பூட், ஈஎஃப்ஐ, சோர்சஸ் என்று ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஜிபிடி (டிஸ்கைப் பிரிக்கும் முறை), யுஇஎஃப்ஐ (புது லேப்டாப்புகளின் பூட் முறை) இரண்டையும் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதுங்கள். ஃபோல்டர்களைக் கையால் காப்பி செய்யலாமே என்று நினைக்காதீர்கள். பென் டிரைவின் ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, விண்டோஸ் 11-இன் இன்ஸ்டால் ஃபைல் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். அப்புறம், யுஎஸ்பி ஹப் வழியாகப் போடாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்.

ஐயா, மகளின் லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டுவும் (லினக்ஸ் ஓஎஸ்) போட, கையொப்பமில்லாத மென்பொருள் பூட் ஆகாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தேன். இப்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. லாமிங்டன் ரோடு கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடலாமா? (முலுண்ட்)

தயவுசெய்து வேண்டாம். மகளின் ஃபைல்கள் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஃபார்மட் செய்தால்தான் போகும்.

நடந்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்யும்போதே பல விண்டோஸ் 11 லேப்டாப்புகள் டிஸ்கைத் தாமாகவே பூட்டிவிடுகின்றன. அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் இருக்கிறது. பூட் அமைப்பு பழையபடியே இருந்தால்தான் சிப் சாவியைக் கொடுக்கும். நீங்கள் செக்யூர் பூட்டை மாற்றியதும் அது சந்தேகப்பட்டு மறுத்துவிட்டது. பயாஸில் திரும்ப ஆன் செய்து பாருங்கள். பெரும்பாலும் கேள்வியே கேட்காமல் திறந்துவிடும்.

திறக்கவில்லை என்றால், முதன்முதலில் எந்தக் கணக்கில் சைன் இன் செய்தார் என்று மகளிடம் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்தக் கணக்குக்குள் போனால் 48 இலக்க ரெக்கவரி கீ இருக்கும். கல்லூரிக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் கேட்க வேண்டும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து இலக்கங்களை அடியுங்கள். அந்த ரெக்கவரி கீ எங்குமே கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும் அந்த ஃபைல்களை மீட்க முடியாது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்: பயாஸில் கை வைக்கும் முன்பே ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உபுண்டுவுக்காக செக்யூர் பூட்டை ஆஃப் செய்யவே தேவையில்லை. அதன் பூட் லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) செக்யூர் பூட் ஏற்கும்படி கையொப்பமிடப்பட்டதுதான்.

பென் டிரைவிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க் எதுவுமே காட்டவில்லை. லேப்டாப் புதுசு, இன்டெல் 11-ஆம் தலைமுறை. (செம்பூர்)

டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இன்டெல் விஎம்டி (டிஸ்கைக் கையாளும் இன்டெல் அமைப்பு) ஆனில் இருந்தால் இப்படி ஆகும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஆர்எஸ்டி டிரைவரை (அந்த டிஸ்கைக் காணவைக்கும் இன்டெல் மென்பொருள்) இறக்கி, பிரித்து, பென் டிரைவில் வையுங்கள். இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும். சிலர் விஎம்டியை பயாஸில் ஆஃப் செய்யச் சொல்வார்கள். பழைய விண்டோஸ் வேண்டும் என்றால் அதைச் செய்யாதீர்கள், அது திறக்காமல் போகலாம்.

விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு உபுண்டு மெனு காணோம். (மாட்டுங்கா)

உபுண்டு எங்கும் போகவில்லை. பயாஸில் பூட் வரிசையைப் பார்த்து, விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே உபுண்டுவைக் கொண்டுவாருங்கள், போதும்.

இரண்டும் ஓடுகிறது அண்ணா, ஆனால் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் 5.30 மணி முன்னால் இருப்பதால்தான் அந்த வித்தியாசம். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளை மூலம் லோக்கல் ஆர்டிசியை (மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும் அமைப்பு) 1 என்று மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.